போனை எடுத்த இடமெல்லாம் ஒரு டிக்

3 மார்ச் 2024, ஞாயிறு

கதை முடிஞ்சுது! 3,400 வார்த்தை. ஆறு வாரமா ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்ணது. அப்பா கதைதான், ஆனா சிறுகதைன்னு சொல்லிக்கிறேன். 2011 ஜூன் 30, சிங்கப்பூர்ல தஞ்சோங் பகார் ரயில்வே ஸ்டேஷன மூடுறதுக்கு முன்னாடி அங்கேர்ந்து கடைசி ரயில் கிளம்புன ராத்திரி, ரிட்டையர் ஆன ஒரு ரயில்வேக்காரரும் அவர் மகளும் கூட்டத்தோட கூட்டமா நிக்கிறாங்க, அவ்வளவுதான் கதை. உடனே அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்துல "சூப்பர்டி, கண்ணு கலங்கிடுச்சு"ன்னு வந்துது. அஞ்சு நிமிஷத்துல 3,400 வார்த்தைய எப்படிப் படிச்சாளோ. இவர்கிட்ட காட்டினேன், "ம்ம் நல்லாருக்கு"ன்னுட்டு ஃபுட்பால் பாக்கப் போயிட்டாரு. இருந்தாலும் சந்தோஷமாத்தான் தூங்கினேன்.

9 மார்ச், சனி

ஆஃபீஸ்ல சம்பளக் கணக்கு வேலை, ஒரு வாரமா கதையத் திறக்கவே இல்ல. அதுவும் நல்லதுக்குதான். இன்னைக்கு பிரிண்ட் எடுத்து, அடுப்புல ரசம் கொதிக்கிற நேரத்துல நின்னுகிட்டே சத்தமா படிச்சேன். கடவுளே. அப்பா கேரக்டர் "நான் சற்று நேரம் இங்கே நிற்கிறேன் மகளே"ன்னு பேசுறாரு. எங்கப்பா ஒரு நாளும் என்னை மகளேன்னு கூப்பிட்டதில்ல, "ஏய் புள்ள"தான். மனசுக்குள்ள படிக்கும்போது இது ஏன் உறுத்தலன்னே தெரியல, வாயால சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. "நீ போ புள்ள, நான் கொஞ்ச நேரம் நிக்கிறேன்"னு மாத்தினேன். அப்புறம் "கனத்த மௌனம்" நாலு இடத்துல வருது. நாலு! ரசம் பொங்கி வழிஞ்சுடுச்சு.

17 மார்ச், ஞாயிறு

யீஷூன்ல எங்க புளோக் கீழ இருக்கற கோப்பிக்கடைல சாரைப் பாத்தேன். ரிட்டையர்டு தமிழ் வாத்தியார், கோப்பி ஓ கோசோங், அதான் பாலும் சீனியும் போடாத காப்பி, ஒண்ண வச்சுகிட்டு ரெண்டு மணி நேரம் உக்காருவாரு. பிரிண்ட் முழுக்க சிவப்பு மை, எங்க ஒற்று மிகும் எங்க மிகாதுன்னு. அது தேவைதான், ஆனா வெட்டப்போற பாராவுக்கெல்லாம் சந்தி திருத்தி என்ன பிரயோஜனம், அத கடைசில பாத்துக்கலாம்னு எடுத்து வச்சுட்டேன்.

ஆனா ஒண்ணு பிடிச்சாரு பாருங்க. மகள் ஹாலண்ட் வில்லேஜ்ல சர்க்கிள் லைன் மெட்ரோ ரயில் ஏறி ஹார்பர்ஃபிரண்ட் வர்றான்னு எழுதியிருந்தேன். "ஏம்மா, அந்தப் பாதை திறந்ததே 2011 அக்டோபர்லதானே, ஜூன்ல எப்படி வந்தா?"ன்னாரு. வீட்டுக்கு வந்து செக் பண்ணா, அக்டோபர் 8. மானம் போச்சு. பஸ்ல வர வச்சுட்டேன்.

முடிவு சப்புன்னு இருக்கு, அந்தப் பெரியவர் ரயில் போனதும் அங்கேயே நெஞ்சப் பிடிச்சுகிட்டு விழுந்துடட்டும்னும் சொன்னாரு. எனக்கு சுருக்குன்னுது. எங்கப்பா அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் நல்லாத்தான் இருந்தாரு, ஆளைக் கொன்னாத்தான் கதை முடியுமா? ஆனா பஸ்ல போகும்போது யோசிச்சா, சப்புன்னு இருக்குங்கறது நிஜம். அவர் சொன்ன மருந்து வேணாம், ஆனா வலிக்கிற இடத்தைச் சரியா தொட்டிருக்காரு.

23 மார்ச், சனி

மூணாவது மாடிப் பொண்ணு, பாலிடெக்னிக் படிக்கறா, தமிழ் படிப்பா ஆனா மெதுவா. அவகிட்ட குடுக்கும்போது "எப்படி இருக்கு"ன்னு கேக்கவே இல்ல. அப்படிக் கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க, அவங்களும் பாவம் வேற என்னதான் சொல்லுவாங்க. ஒரு பென்சிலக் குடுத்து "படிக்கறப்ப எங்கெல்லாம் போன எடுத்துப் பாக்கறியோ அங்கெல்லாம் ஒரு டிக் போடு, புரியாத இடத்துல கேள்விக்குறி போடு, அது போதும்"னேன்.

இன்னைக்கு திருப்பிக் குடுத்தா. முதல் ரெண்டு பக்கத்துலயே ஆறு டிக்! அந்த ரெண்டு பக்கம் என் உசுரு. விக்டோரியா ஸ்ட்ரீட் லைப்ரரில ரெண்டு சனிக்கிழமை உக்காந்து எடுத்தது, ஸ்டேஷன் 1932ல திறந்தது, முகப்புல இருக்கற நாலு வெள்ளைச் சிலை விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில்னு ஒவ்வொண்ணும் எதைக் குறிக்குது, கடைசி ரயிலை மலேசியாவோட ஜோகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனது, எல்லாம். "ஆன்ட்டி, இது நல்ல இன்ஃபோதான், ஆனா கதை மூணாவது பக்கத்துலதான ஸ்டார்ட் ஆகுது?"ன்னா. பத்தொன்பது வயசு.

கேள்விக்குறி ரெண்டு. ஒண்ணு, வளையம். அப்பா புக்கிட் தீமா ஸ்டேஷன்ல டிரைவர்கிட்ட வளையம் குடுப்பாருன்னு மட்டும் எழுதியிருந்தேன், எனக்கு சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச விஷயம்ங்கறதால எல்லாருக்கும் தெரியும்னு நெனப்பு. அவ மார்ஜின்ல ஹூலாஹூப் படம் வரைஞ்சு வச்சிருக்கா.

ரெண்டாவதுதான் ஆளைத் தூங்க விடல. "அந்தப் பொண்ணு ஏன் அப்பா மேல கோவமா இருக்கா?" நான், கோவமா, அப்படி எதுவும் எழுதலயேன்னேன். அவ மூணு இடத்தைக் காட்டினா. அப்பா கைல இருக்கற பையை வெடுக்குன்னு வாங்குறா. "போலாமா"ன்னு மூணு தடவை கேக்கறா. ஒரு தடவைகூட அவர் மூஞ்சியப் பாக்கல. எழுதினது நான்தான்.

29 மார்ச், புனித வெள்ளி

லீவு. முதல் ரெண்டு பக்கத்தை வெட்டி தனி ஃபைல்ல போட்டுட்டேன், அழிக்க மனசு வரல. சிலை நாலும் போச்சு. சுல்தான் மட்டும் ஒரு வரில இருக்காரு, கூட்டத்துல ஒருத்தர் "சுல்தானே ஓட்டறாராம்ல"ன்னு சொல்றதோட சரி.

வளையத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட்டேன். போக வர ஒத்தைத் தண்டவாளம். சாவி மாதிரி ஒரு டோக்கன், பெரிய வளையத்துல தொங்குற பைக்குள்ள இருக்கும், அது கைக்கு வந்தாத்தான் டிரைவர் அடுத்த பகுதிக்குள்ள வண்டிய விடலாம், ஒரு நேரத்துல ஒரு டோக்கன்தான் வெளிய வரும், அதனால எதிர்ல வண்டி வராது. இத விளக்கமா எழுதினா மறுபடி டிக் விழும். அதனால சின்னப் புள்ளையா அந்த மக பிளாட்பாரத்துல நின்னு பாக்கற மாதிரி வச்சேன், வண்டி நிக்காம மெதுவா வரும், டிரைவர் கைய வெளிய நீட்டி வளையத்துக்குள்ள விட்டு அப்படியே தோள் வரைக்கும் வாங்கிக்குவாரு, "அத குடுக்கலன்னா என்னப்பா ஆகும்?"ம்பா, "வண்டி போவாது புள்ள"ம்பாரு. தீந்துது. 2,300 வார்த்தைக்கு வந்துடுச்சு.

10 ஏப்ரல், நோன்புப் பெருநாள்

பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் குடுத்த ரெண்டாங் கறிய சாப்பிட்டுட்டு உக்காந்தேன், எழுந்திரிக்கும்போது மணி நாலு.

கோவம் ஏன்னு எனக்குத் தெரியும். எழுதாம விட்டது. 2011 மே மாசம் அப்பா போன் பண்ணி "கடைசி வண்டில ஒரு டிக்கெட் எடுத்துத் தா புள்ள, ஜோகூர் வரைக்கும் போதும்"னாரு. மாசக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம், சரிப்பான்னு சொல்லிட்டு மறந்தே போயிட்டேன், ஞாபகம் வந்து கேட்டப்ப டிக்கெட் இல்ல. "பரவால்ல, வெளிய நின்னு பாப்போம்"னாரு. ஒரு வார்த்தை திட்டியிருந்தா தேவலயா இருந்திருக்கும். அன்னைக்கு ராத்திரி எனக்கு இருந்த கோவம் அவர் மேல இல்ல, ஆனா அவர்கிட்டதான் காட்டினேன், அது கதைக்குள்ளயும் எனக்குத் தெரியாமலே வந்து உக்காந்திருக்கு.

டிக்கெட் விஷயத்தை எட்டு வரில எழுதினேன். வளையத்தையும் டிக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்க கை பரபரன்னுது. வச்சா "பாத்தீங்களா பாத்தீங்களா"ன்னு நானே கையப் புடிச்சு இழுக்கற மாதிரி ஆயிடும், ரெண்டு பக்கம் தள்ளி வச்சேன். முடிவைத் தொடவே இல்ல. அதே வரிதான், ஆனா இப்ப சப்புன்னு இல்ல.

14 ஏப்ரல், ஞாயிறு, புத்தாண்டு

மூணாவது மாடிக்கு அனுப்பினேன், ஒரே ஒரு டிக். அதுவும் நான் ரொம்ப ரசிச்சு எழுதின மழை வர்ணனைல. எடுத்துட்டேன், என்ன பண்றது.

அக்காவுக்கும் அனுப்பினேன். இந்த தடவை சூப்பர் வரல. மத்தியானம் வடை சுட்டுகிட்டிருக்கும்போது போன் பண்ணா, ரொம்ப நேரம் பேசவே இல்ல, டிவி சத்தம்தான் கேக்குது. அப்புறம் "என்கிட்டயும் கேட்டாருடி"ன்னா. நீ எடுத்திருப்பேன்னு நெனச்சு விட்டுட்டேன்னா. பதிமூணு வருஷம்.

நான் ஒண்ணும் சொல்லல. வைக்கறதுக்கு முன்னாடி, "அன்னைக்கு அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை இல்ல, நீலக் கட்டம், நான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தது"ன்னா. மாத்திட்டேன்.