40 மீட்டர் கேட்ட குவாரி, 25 மீட்டரில் நின்ற கதை

ஜியாலஜி முடித்துவிட்டு, சுரங்கத் திட்டம் தயாரிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்த புதிது. கரூர்ப் பக்கம் ஒரு கல் குவாரி, கிழக்கு மேற்காக 150 மீட்டர், வடக்கு தெற்காக 100 மீட்டர், பாறை தரையிலேயே தெரிகிற இடம். ஓனருக்கு 40 மீட்டர் ஆழம் வேண்டும். "5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம்னு பெஞ்ச் போட்டுச் சரிவுக் கோணத்தைக் கணக்குப் பண்ணு" என்று சார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெஞ்ச் என்றால் குவாரிச் சுவரில் படிக்கட்டு மாதிரி வெட்டுகிற படி. அதன் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பார்கள், அதனால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஐந்துக்கு ஐந்து, ஆக 45 டிகிரி என்று எழுதிக் கொடுத்தேன். சார் பேப்பரைத் திருப்பி ஒரு படிக்கட்டு வரைந்து காட்டினார். 8 பெஞ்ச் என்றால் செங்குத்துப் பக்கம் 8, ஆனால் நடுவில் இருக்கிற தளம் 7 தான். உயரம் 40, கிடை 35. எக்செல்லில் போட்டால் 0.85 என்று வந்தது, இதென்ன ஒரு டிகிரிகூட இல்லையே என்று கால் மணி நேரம் விழித்தேன். எக்செல் கோணத்தை ரேடியன் என்ற வேறு அளவில் தரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. டிகிரிக்கு மாற்றினால் 48.8.

அதுவும் பக்கங்கள் நேர் செங்குத்தாக நின்றால்தான். வெடி வைத்து எடுக்கிற பாறை அப்படி நிற்காது, 80 டிகிரி வைத்தோம். ஒவ்வொரு பெஞ்சும் 0.88 மீட்டர் உள்ளே வரும், கிடை 42.05 ஆகிவிடும், மொத்தக் கோணம் 43.6. பரவாயில்லை, நல்ல கோணம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் இடம் போதுமா என்று பார்த்தேன். வடக்கு தெற்கு 100 மீட்டரில், பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் இரண்டு பக்கமும் விட்டால் மிச்சம் 85. இரண்டு சரிவும் சேர்ந்து 84.1 மீட்டரை விழுங்கிவிட்டன! அடியில் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஹிட்டாச்சி எங்கே நின்று திரும்பும்? டிப்பர் இறங்குகிற பாதையை வேறு நான் வரையவே இல்லை. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 40 மீட்டர் இறங்க 400 மீட்டர் பாதை, அது பள்ளத்தைச் சுற்றித்தான் இறங்கியாக வேண்டும், 8 மீட்டர் அகலம் வடக்கிலும் போகும், தெற்கிலும் போகும். பெஞ்சைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஆறில், அதாவது 30 மீட்டரில், அடியில் 8.4 மீட்டர் கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

அதோடு முடியவில்லை. பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கிற பிரன்டன் காம்பஸை எடுத்துக்கொண்டு போய் விரிசல்களை அளந்தபோது, வடக்கு நோக்கி 55 டிகிரி சாய்ந்த விரிசல் திரும்பத் திரும்ப வந்தது. வடக்குச் சுவருக்கு இது கெடுதல் செய்யாது, பாறைக்குள்தான் சாய்கிறது. தெற்குச் சுவர் பள்ளத்தைப் பார்த்து, அதாவது வடக்கு நோக்கி நிற்கிறது. விரிசலின் சாய்வு 80-க்குக் கீழே, உராய்வுக் கோணமாக, அதாவது அதற்கு மேல் சாய்ந்தால் பாறை வழுக்கும் என்று, நாங்கள் எடுத்த 30-க்கு மேலே, ஆக 80 டிகிரியில் வெட்டினால் விரிசலின் அடி அறுந்து மேலே உட்கார்ந்திருக்கிற பாறை வழுக்கிக்கொண்டு வரும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கேட்கவே வேண்டாம். தெற்குச் சுவரை விரிசலோடு சேர்த்து 55 டிகிரியிலேயே வெட்டுவது என்று முடிவாயிற்று. பெஞ்சுக்கு 0.88 போன இடத்தில் இப்போது 3.5 மீட்டர். மறுபடி கணக்குப் போட்டால் 5 பெஞ்ச், 25 மீட்டர், அடியில் 7 மீட்டர். பாதையையும் சேர்த்தால் தெற்கில் மொத்தக் கோணம் 28.8, வடக்கில் 37.6. எழுதிக் கொடுத்த 45-ஐ நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஓனரிடம் சொல்கிற வேலையும் என் தலையில்தான். "அப்ப மிச்சக் கல்லெல்லாம் உள்ளயே கெடக்கட்டுமா தம்பி?" என்றார். படத்தைக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்தார். "தெக்கால காட்ட வாங்கிப்போட்டா எறங்கலாமுங்களா?" அடியில் அதே 7 மீட்டர் வைத்து 40 மீட்டர் இறங்க இன்னும் 43 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும் என்றேன். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.