கதவுக்குள் இருந்த காகிதக் கூம்பு

வீட்டுக் காரின் ஸ்பீக்கர்களை நானே மாற்றினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு கதவு அட்டையை மெல்ல நெம்பினால் கிளிப்புகள் டக் டக்கென்று விட்டு வரும். உள்ளே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் பகுதி, ஈரத்தில் ஊறி ஓரம் கிழிந்திருந்தது. அப்பா இத்தனை வருடம் இதில்தானே நாகஸ்வரம் கேட்டார் என்று மனசு கஷ்டமாகிவிட்டது.

புதிய ஸ்பீக்கர் 6.5 அங்குலம், 4 ஓம் (மின்தடை அளவு). அப்புறம் பிளஸ் மைனஸ்தான் முக்கியம்: ஸ்டீரியோவில் செருகும் முன் ஸ்பீக்கரிலிருந்து வரும் இரண்டு வயர்களிலும் 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப்போனால் பேஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, காணாமல் போய்விடும். ஸ்டீரியோவுக்குக் கப்ளர் (வயர்களை வெட்டாமல் செருகி இணைக்கும் இணைப்பான்) வாங்கினேன், கம்பெனி வயரை வெட்டவே இல்லை. கதவுத் தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டும் ஒட்டியபின் தவில் அடி கெட்டியாக விழுந்தது. அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார்.