சாமி மாடத்தைப் படம் எடுப்பது

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வாழும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினரின் வீடுகளிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கத்து இருளர் வீடுகளிலும் நான் பார்த்தவரையில் பூசையறை என்று தனியாக ஒன்று இல்லை. சுவரில் ஒரு மாடக்குழி அல்லது ஆணியடித்து நிறுத்திய ஒரு பலகை, அவ்வளவுதான் சாமிக்கான இடம். மலைமேல் ஒரு வீட்டு மாடத்தில் பவுடர் டப்பாவில் திருநீறு இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசும், புகை படிந்து கறுத்த கேழ்வரகுக் கதிர்க்கொத்தும் இருந்தன. காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய முருகனுக்குப் பக்கத்தில், ரேஷன் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, இறந்துபோன பாட்டியையும் வைத்திருந்தார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடும் ஊர்கள் பல உண்டு. வெட்டவெளியில் நிற்கும் அந்தக் கல்லைப் படம் எடுக்க ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டால் போதும். வீட்டு மாடம் அப்படியல்ல. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் தாராளமாகச் சம்மதித்தாலும், அந்த மாடத்தில் நாள்தோறும் விளக்கேற்றும் பெண் தலையசைக்காத வரை கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இன்று தலையசைத்தவர் அடுத்த முறை வேண்டாம் என்றால், அதுவும் செல்லும்.

படம் எடுக்க விடுவதில் வீட்டுக்காரர்கள் காட்டும் தயக்கத்தைக் கூச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில், கேமரா பழங்குடி மக்களிடம் வந்தது தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு. சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வீடுகளைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீதான அந்த வழக்கில் தீர்ப்பு வர 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களில், முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வந்து சுவரை உற்றுப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எடுக்கும் முறைக்கு வருகிறேன். ஃபிளாஷ் அறவே வேண்டாம்: மாடத்தின் ஆழத்தையே அது தட்டையாக்கிவிடும், கும்பிட்டு நிற்பவரின் கண்ணும் கூசும். எண்ணெய் விளக்கின் நிறவெப்பம், அதாவது ஒளியின் செம்மையை அல்லது நீலத்தைச் சொல்லும் அளவு, சுமார் 1,900 கெல்வின்; எண் குறையக் குறையச் செம்மை கூடும். கேமராவின் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியாக விட்டால் அந்தச் செம்மையைத் திருத்தப் பார்த்து மஞ்சள் துணியை வெளிறச் செய்துவிடும். அதனால் நானே அதை 3,000-க்கு அருகில் வைத்துக்கொண்டு, 35 மி.மீ. லென்ஸின் துளையை முழுவதும் திறந்து, கதவு நிலையில் தோளைச் சாய்த்து எடுக்கிறேன். இருட்டால் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் தட்டட்டும். பொருளை நகர்த்தி அழகாக அடுக்குவது மட்டும் கூடவே கூடாது. டப்பா கோணலாக இருந்தால் படத்திலும் கோணலாகவே இருக்க வேண்டும்.

கைபேசியில் எடுப்பவர்கள் இருப்பிடப் பதிவை முதலிலேயே அணைத்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் வீடு இருக்கும் இடம் படத்தோடு சேர்ந்தே போகும்.

மாடத்தின் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது ஒரு வீட்டு அம்மா, “சாமியே இங்கதான இருக்குது, படம் எதுக்குப்பா?” என்று கேட்டுவிட்டு, தன் மாமனாரை உட்கார வைத்து ஒன்று எடுக்கச் சொன்னார். மற்ற வீடுகளிலும் பெரும்பாலும் இதே கோரிக்கைதான்: ரேஷன் அட்டையில் இருப்பதைவிட நன்றாக, பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் வேண்டும். அதனால் இப்போது பக்கத்து நகரமான அரூரில் லேமினேட் செய்யக் கொடுப்பது முதலில் அவற்றைத்தான். மாடங்களின் படங்களை எங்கும் பதிவேற்றவில்லை, இந்தப் பதிவிலும் படம் இல்லாதது அதனால்தான்.