மோடம் போட்டா உள்ள வா

ஆபீஸ்ல யாருகிட்டயாச்சும் ஊரு காரைக்குடின்னு சொன்னா போதும், ஆயிரம் ஜன்னல் வீட்டு போட்டோ காட்டுன்னு உடனே கேப்பாங்க. ஹம்பிக்கு போயி மெமரி கார்டு நெறைய படம் எடுத்துட்டு வந்தவன்தான், ஆனா டியூஷனுக்கு தெனம் சைக்கிள்ல தாண்டிப் போன அந்த வீட்டுல ஒரு படம் கூட எங்கிட்ட கெடையாது. சரி இந்த மார்கழி லீவுல நம்ம செட்டிநாட்டு வீடுகளப் படம் எடுத்தே ஆகணும்னு பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி வந்து எறங்குனேன்.

மறுநாள் விடியக்காலம் அப்பாவோட டிவிஎஸ் எக்செல்ல கானாடுகாத்தான். பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும், குளுருக்கு மப்ளர் கட்டிக்கிட்டுதான் போனேன். செட்டிநாட்டு வீடுக பெரும்பாலும் கெழக்கு மேக்கா ஓடும், முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. அதனால முகப்பு கெழக்க பாத்ததா மேக்க பாத்ததான்னு தெரிஞ்சா காலைல போறதா சாயங்காலம் போறதான்னு பாதி கணக்கு முடிஞ்சுது. இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் போயும் மொதல் நாள் படம் பூரா சொதப்பல். வீடு ஒசரம், தெரு குறுகல், முழுசும் ஃபிரேம்ல வரணும்னு மொபைல அண்ணாந்து புடிச்சு வைட் ஆங்கிள்ல எடுத்தா தூணெல்லாம் மேல போகப்போக ஒண்ண ஒண்ணு பாத்து சாயுது, மாளிகை மல்லாக்க விழப்போற மாதிரி இருக்கு. மொபைல நேரா செங்குத்தா புடிச்சுக்கிட்டு முடிஞ்ச வரைக்கும் பின்னாடி போகணும், கீழ ரோடு கொஞ்சம் வந்தா வரட்டும், அப்பறம் வெட்டிக்கலாம். பின்னாடி போகப்போக எதிர்வீட்டு திண்ணைலயே ஏறி நின்னுட்டேன், அங்க படுத்திருந்த நாய்க்குத்தான் அது புடிக்கல.

எட்டு மணி வாக்குல மோடம் போட்டுருச்சு, வெயில் சுத்தமா இல்ல. முகப்புல இருக்குற சுதை பொம்மை, கஜலட்சுமி எல்லாம் நெழல் விழாம தட்டையா கெடக்கு. சலிச்சுப்போயி ஒரு திண்ணைல உக்காந்து லென்ஸ தொடச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வீட்டு ஆச்சி உள்ள இருந்து எட்டிப் பாத்து, "என்ன தம்பி, படம் புடிக்கிறியா? வெயில்ல வர்றவுக எல்லாம் உள்ள ஒண்ணும் வெளங்கலன்னு பொலம்பிட்டுப் போவாக. மோடம் போட்டுருக்குல்ல, இப்ப உள்ள வா"ன்னாக.

சத்தியமா எனக்கு இது தோணவே இல்ல. வெயில் நேரா வளவுக்குள்ள, அதான் நடுவுல தெறந்த முற்றம் இருக்குற கட்டுக்குள்ள, விழுந்தா நடு முத்தம் பளீர்னு வெளுத்துரும், சுத்தி இருக்குற பத்தி, அதாவது தாழ்வாரம், கருங்கும்முன்னு போயிரும், அதுக்கு எக்ஸ்போஷர் வச்சா இது போச்சு, இதுக்கு வச்சா அது போச்சு. மூணு படம் எடுத்து ஒண்ணா சேக்குற வித்தையெல்லாம் இருக்கு, ஆனா பாத்தா பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கும். மோடத்துல முத்தத்துல இருந்து வர்ற வெளிச்சம் பால் ஊத்துன மாதிரி எல்லா பக்கமும் சமமா பரவுது, பர்மா தேக்குத் தூணோட ரேகை கூட தெரியுது. முகப்பு நிலைவாசல்ல நின்னு பாத்தா வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு நிலைக்குள்ள நிலையா போயி கடைசில பின்வாசல்ல தபால்தலை அளவுக்கு ஒரு வெளிச்சம். தெருவுல நின்னு முட்டி மோதுன எனக்கு வீடு முழுசா ஒரே ஃபிரேம்ல கெடைச்சது இங்கதான்.

ட்ரைபாட விரிச்சேன், ஆச்சிக்கு கோவம் வந்துருச்சு. "ஆத்தங்குடிக் கல்லு தம்பி, கீறிரும்." கொடில கெடந்த பழைய துண்ட எடுத்து மூணா கிழிச்சு ட்ரைபாடோட மூணு காலுக்கும் அவகளே கட்டிவிட்டாக. அந்தத் துணி இன்னும் ட்ரைபாட்லயே இருக்கு, அவுக்க மனசு வரல.

செவுத்துப் பக்கம் ஃபிளாஷ் போட்ராதீங்க. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருன்னு போட்டு இழைச்ச பூச்சு, கண்ணாடி மாதிரி. ஃபிளாஷும் தெரியும், வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற நம்ம மூஞ்சியும் தெரியும்.

வளவச் சுத்தி ரூம்புக, ஒவ்வொரு புள்ளிக்கும், அதான் கல்யாணம் ஆன ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பூட்டு. சென்னை, சிங்கப்பூர்னு எல்லாரும் வெளிய, முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம்னாதான் தெறக்குமாம். பித்தளைப் பூட்டு, திண்டுக்கல் பூட்டு, நடுவுல ஒரு நம்பர் பூட்டு. என் டிரிப்லயே எனக்குப் புடிச்ச படம் அந்தப் பூட்டு வரிசைதான்.

சாயங்காலம் ஆத்தங்குடி. கண்ணாடி மேல இரும்பு அச்ச வச்சு, கலர் சிமெண்ட்ட கரண்டில மொண்டு பூவு பூவா ஊத்தி அச்ச தூக்குறாரு ஒரு அண்ணன், கோடு ஒண்ணோட ஒண்ணு கலக்கல. மேல காஞ்ச கலவையத் தூவி, சிமெண்ட் பூசி, தண்ணித்தொட்டில நாள் கணக்குல ஊறப்போட்டு கண்ணாடிய பிரிச்சா அந்த கண்ணாடியோட பளபளப்பே கல்லுல ஏறி வருது. போட்டோவுக்கு ஆகாது, வீடியோ எடுங்க.

மறுநாள் திருமயம், 1687ல ராமநாதபுரம் சேதுபதி ராஜா கட்டுன கோட்டை. தொல்லியல் துறை எடம், பெர்மிஷன் இல்லாம ட்ரைபாட் வைக்க விட மாட்டாங்க. மேல பீரங்கிகிட்ட காத்து பிச்சுக்கிட்டு போகுது, தொப்பி பத்திரம்.

கெளம்புறதுக்கு மொத நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, பழைய சாமான் கடைக. செட்டிநாட்டு ஊருகள 2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல சேத்தாச்சு, இங்க பாத்தா வீட்டப் பிரிச்சு வந்த தூணு, நிலை எல்லாம் செவுத்துல சாஞ்சு நிக்குது. ஒரு நிலைல பூட்டு மாட்டுற கொண்டி அப்படியே இருந்துச்சு. படம் எடுக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரு, ஆனா கை போகல, வெலை மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்.

ராத்திரி அப்பாகிட்ட எல்லாத்தையும் காட்டுனேன். நிதானமா தள்ளித்தள்ளிப் பாத்துட்டு, "கரண்டு கம்பி குறுக்க போகுதேடா"ன்னாரு. அழிக்கலாம்ப்பா, ஆப் இருக்குன்னேன். "வேணாம் விடு, அந்தத் தெருவுல கம்பி இருக்குல்ல"ன்னுட்டு தூங்கப் போயிட்டாரு. பள்ளத்தூர் வீடுக இன்னும் பாக்கி, அதுக்கும் டிவிஎஸ் சாவி கேக்கணும்.