எட்டுத் தட்டு, ஓர் இலை

டேஸ்டிங் மெனு என்றால் என்ன என்று சித்தப்பாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரியே வந்துவிட்டது. நாம் எதையும் கேட்க முடியாது, சமையல்காரர் தீர்மானித்த வரிசையில் குட்டிக் குட்டியாக வரும் என்றேன். "அப்போ கல்யாண வீட்டுப் பந்தி மாதிரின்னு சொல்லு மக்ளே" என்றார். அப்போது சிரித்துவிட்டேன்.

கடலைப் பார்த்த ரிசார்ட் அது. ஜூன் முதல் வாரம். சாரல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது, 133 அடி வள்ளுவர் மங்கலாகத் தெரிந்தார். எட்டு கோர்ஸ், ஆளுக்கு 3,500 ரூபாய், வரி தனி. முதல் இரண்டும் எனக்கு இப்போது நினைவில் இல்லை. ஏதோ இலை, ஏதோ நுரை. மூன்றாவதுதான் விஷயம். எலுமிச்சம்பழ அளவு மயக்கிய மரச்சீனி, அதாவது மசித்த மரவள்ளிக்கிழங்கு, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்தது. அதன்மேல் கொடம்புளியில் ஊறி, முறுகலாகப் பொரித்த ஒரே ஒரு சாளை (மத்தி மீன்). முள்ளை எடுத்துவிட்டு வாலை மட்டும் விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கரண்டி மீன்குழம்பு, வெந்தய வாசத்தோடு. இது எங்கள் வீட்டில் மழைக்காலச் சாப்பாடுதான், ஆனால் இவ்வளவு கவனமாக யாரும் செய்து நான் தின்றதில்லை. சித்தப்பா பேசவே இல்லை. கடைசியில், "இன்னும் ரெண்டு கிடைக்குமா?" என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டார். அடுத்த கோர்ஸ் வருகிறது சார் என்றார் தம்பி. அது வர இருபத்தைந்து நிமிடம் ஆனது.

வந்தது நெய்மீன் (வஞ்சிரம்). "இன்னைக்குக் காலையில சின்னமுட்டத்துல இறங்கினது சார்" என்று தம்பி ஒப்பித்தார். சித்தப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சின்னமுட்டத்துல போட்டெல்லாம் கட்டிக் கிடக்கே தம்பி, 14-ஆம் தேதி வரை போகாதே?"

அவர் சொன்னது சரி. மீன்பிடித் துறைமுகமான சின்னமுட்டம் இருக்கிற கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம் இருக்கிற மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு நாட்காட்டி. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. வள்ளத்துக்கு, அதாவது நாட்டுப் படகுக்கு, தடை இல்லை, ஆகவே வள்ளத்து மீனாக இருந்திருக்கலாம். ஆனால் தம்பி முகம் போன போக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. மீனைக் குறை சொல்ல முடியாது. கதை சொல்லாமல் வைத்திருந்தால் ரசித்துத் தின்றிருப்போம்.

முடிவில் பாயசம், சின்னக் கண்ணாடிக் குவளையில். மேலே பப்படத் துண்டு ஒன்று கொடி மாதிரி நின்றது. பார்க்க அழகு. பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களில் அப்படித்தான்.

மறுநாள் மதியம் தக்கலைப் பக்கம், ஒரு பழைய ஓட்டு வீடு. முன்பதிவு செய்தால் மட்டும் சமைக்கிறார்கள். ஒரு நேரத்துக்குப் பன்னிரண்டு பேர்தான், ஆளுக்கு 1,200. நாஞ்சில் நாட்டுச் சைவ விருந்தை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விளம்புவோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். இடைவெளி என்பதைத்தான் காணோம். பருப்பும் நெய்யும் பிசைவதற்குள் சாம்பார் வாளி வந்து நின்றது. ஓலன் ஆறிப்போயிருந்தது. எரிசேரி மட்டும் அபாரம்; மத்தங்காய் (மஞ்சள் பூசணி) குழைந்து, மேலே வறுத்த தேங்காய் பொன்னிறத்தில். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. முந்தைய நாள் தம்பியை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கலாம்.

அப்புறம் சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், வந்தது. இலையிலேயே ஊற்றினார்கள். விரல் நீளத்தில் மட்டி வாழைப்பழம் ஒன்று வைத்தார்கள், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மட்டிதான். சித்தப்பா பழத்தை உரித்துப் போட்டார், மேலே பப்படத்தை நொறுக்கினார், உள்ளங்கையால் ஒரு அழுத்து. சக்கையின் இனிப்பு, பழத்தின் மணம், பப்படத்தின் உப்பு எல்லாம் ஒரே வாயில். முந்தின இரவு குவளைக்குள் இருந்ததும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். ஆனால் கை உள்ளே போக வழியில்லை, பிசையாத பாயசத்தில் பப்படம் வெறும் அலங்காரம்.

இனிப்போடு முடிப்பதும் இங்கே கிடையாது. பிரதமனுக்குப் பிறகு மறுபடி சோறு, ரசம், மோர். எட்டு கோர்ஸ் முடிந்த இரவு தித்திப்போடு படுத்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே ரசம் இறங்கியதும் வயிறு லேசாகிவிட்டது. இங்கே வரி 5 சதவீதம்தான்.

திரும்பும்போது எது பிடித்தது என்று கேட்டேன். இலைதான் என்று சொல்வார் என நினைத்தேன். "அந்த சாளை" என்றார்.

மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே, மீன் கொண்டுவரும் அக்காவிடம் சாளை வாங்கி, சித்தப்பா அடுப்படியில் நின்றிருந்தார். மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. ஆளுக்கு எட்டு சாளை. முதல் வாய் வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொடம்புளி போட மறந்துட்டேன் மக்ளே."