செவலைக்குக் காய்ச்சல்

ஆகஸ்ட் 2, 2025, சனி

எங்கள் நாய் செவலை சாப்பிடவில்லை. வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். தயிர் சாதம் என்றால் தட்டையே கடித்துத் தின்றுவிடுவான். இன்றைக்கு மோந்து பார்த்துவிட்டு பால்கனியில் போய்ப் படுத்துக்கொண்டான். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சோத்தைத் தொட மாட்டேங்குதே, இதுக்கும் சுகர் வந்துடுச்சா?" என்றார். அவருக்குச் சுகர் வந்ததிலிருந்து ஊரில் எல்லாருக்கும் சுகர்தான்.

சாயங்காலம் கீழே அழைத்துப் போனேன். இஸ்திரி வண்டிக்காரர் வழக்கம்போல, "என்னக்கா, சோறு போடுறதில்லையா?" செவலை குட்டியாக வந்து சேர்ந்த நாளிலிருந்து இதே கேள்வி. சிப்பிப்பாறை நாய்க்கு விலா எலும்பு தெரியத்தான் செய்யும், ஓடுவதற்கென்றே ஆன உடம்பு, வயிறு உள்ளே ஒட்டித்தான் இருக்கும், கொழுக்க வைத்தால்தான் வியாதி என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. நன்றாகக் கேட்டுக்கொள்வார். மறுநாள், "என்னக்கா, சோறு போடுறதில்லையா?"

இன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காது மடலுக்குள் உண்ணி. ஒன்று பெரிதாக, சாம்பல் நிறத்தில், ரத்தம் குடித்து உருண்டு போய். விரலில் பட்டதும் உடம்பெல்லாம் கூசியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கிறது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். 104.6 டிகிரி. நாய்க்கு 102.5 வரைக்கும் சாதாரணமாம். தெர்மாமீட்டரை எங்கே வைக்கிறார்கள் என்று இவருக்கு இன்றுதான் தெரிந்தது. முகம் போன போக்கைப் பார்த்து, பூனையோடு காத்திருந்த ஒரு பையன், "அங்கிள், உங்களுக்கு இல்ல, நாய்க்குத்தான்" என்றான்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நாளைக்கு ரிசல்ட்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எர்லிச்சியா. உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட் 42 ஆயிரம். இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். டாக்ஸிசைக்ளின் 28 நாள், வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. சாப்பிடாத நாயின் வயிறு வேறு எப்படி இருக்கும்?

பிளேட்லெட் என்ற சொல்லை லிஃப்டில் சொன்னது வினையாகப் போயிற்று. சென்னையில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எல்லாரும் டாக்டர். "நாய்க்கு டெங்குவா?" "பப்பாளி இலைச் சாறு குடுங்க." "நிலவேம்புக் கஷாயம் ரெண்டு வேளை." இரண்டாவது மாடிக்காரர் ரொம்ப யோசித்து, "நைட்ல குட் நைட் போட்டு விடுறீங்களா?" என்று கேட்டார். கொசு இல்லை சார், உண்ணி. "ரெண்டும் ரத்தம்தானே குடிக்குது."

வாட்ச்மேன் அண்ணன் சொன்னதுதான் இன்றைக்கு உருப்படி: "உண்ணி கடிச்சா நாய்க்குக் காய்ச்சல். நாய் கடிச்சா நமக்கு ஊசி. அந்த உண்ணிக்கு மட்டும் ஒண்ணும் ஆவல பாருங்க."

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரையை இட்லிக்குள் வைத்தேன். இட்லியைப் பிரித்து, மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்பிவிட்டுப் போகிறான். காய்ச்சலிலும் புத்திக்குக் குறைச்சல் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். வீடு நிறைய ஆட்கள். செவலையைப் படுக்கையறையில் வைத்துச் சாத்தியிருந்தேன். தாம்பூலம் வாங்க வந்த ஒவ்வொருவரும் அந்தக் கதவைப் பார்த்து, "கடிக்குமா?" கதவு கடிக்காது.

ஒருத்தி திறந்து பார்த்துவிட்டு, எட்ட நின்றபடியே, "ஹாய் பேபி, கம் கம், சிட்" என்றாள். அதென்னவோ, வீட்டில் பிள்ளைகளிடம்கூட இங்கிலீஷ் பேசாதவர்களுக்கு நாயைக் கண்டால் இங்கிலீஷ் வந்துவிடுகிறது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவன். "ஏலே, வாலே" என்றால்தான் காதைத் தூக்குவான்.

அத்தையிடம் யாரோ, "பெட்ரூமுக்குள்ளயா நாய் இருக்கும்?" என்றார்கள். அத்தை சொன்னார்: "நான் பேரனைத்தான் கேட்டேன். பெருமாள் வாலோட குடுத்துட்டார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்ச்சிதான் அவருக்கு.

வெற்றிலை பத்தவில்லை. இவரைக் கடைக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

இரவு இரண்டு மணி. மூக்கில் துளி ரத்தம். துடைத்தேன். திரும்ப வரவில்லை. உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் அப்பா வந்து இறங்கினார். என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக பால்கனிக்குப் போனார். பையில் சாத்தூர் சேவு. ஒன்றை எடுத்துச் செவலையின் மூக்கருகில் நீட்டினார். அவன் திரும்பிக்கொண்டான். "சேவு வேண்டாங்குதா? அப்பம் சீக்குதான்" என்றார். அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை அவ்வளவுதான்.

கீழே போகும்போது லிஃப்டில்: "எங்க அய்யா காலத்துல நாய் முன்னால ஓடும், அது பின்னால நாம ஓடுவோம், முயலு எங்கேயோ ஓடும். இப்பம் நாய்க்கு லிஃப்டு."

மூன்றாவது மாடியில் வேட்டை நாய் வளர்ப்பது பற்றி அவர் அபிப்பிராயம் எனக்குத் தெரியும். இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை. பதிலுக்கு அந்தத் தபால்தலை விஷயத்தை ஆரம்பித்தார். 2005இல் தபால் இலாகா நான்கு நாய்களுக்குத் தபால்தலை விட்டது. ராம்பூர், முதோள், இமயமலை மேய்ப்பு நாய், அப்புறம் ராஜபாளையம். நம்மூரில் இருந்து எடுத்தது ராஜபாளையத்தை. சிப்பிப்பாறையை எடுக்கவில்லை. இருபது வருடமாக அவருக்கு இது ஆறவில்லை. "ரெண்டும் ஒரே மாவட்டம். வெள்ளையா இருந்தா தபால்தலை!" 2020இல் பிரதமரே ரேடியோவில் சிப்பிப்பாறை பேரைச் சொன்னாரே அப்பா என்றேன். "சொன்னாரு. ராஜபாளையத்தைச் சொல்லிட்டுத்தான் சொன்னாரு."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டது. இங்கே லிஃப்டில் எனக்குத் துக்கம் விசாரிக்கிறார்கள். "உங்க நாயையும் ஒப்படைக்கணுமா மேடம்?" டெல்லி, தெருநாய் என்ற இரண்டு சொல்லுமே யார் காதிலும் விழவில்லை. ஐந்தாவது மாடிப் பெரியவர் மட்டும் செவலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதைப் பிடிச்சா அவங்களுக்குத்தான் கேவலம், பட்டினி போட்டோம்னு கேஸ் வரும்" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

பிளேட்லெட் 31 ஆயிரம். இறங்கியிருக்கிறது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

ஆட்டோக்காரர் செவலை ஏறுவதைப் பார்த்துவிட்டு, "இவரு எங்க உக்காருவாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். வழியெல்லாம் பேச்சு. இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்றணும் என்று இவர் சொன்னதும், "நாய்க்கு ரத்தம் யாரு சார் குடுப்பா?" இன்னொரு நாய்தான். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிவிட்டு, "எங்க அண்ணன் எனக்குக் குடுக்கல சார்" என்றார். அதற்கு மேல் நாங்கள் யாரும் பேசவில்லை.

வேப்பேரியில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஆடு, அதற்கு முன்னால் ஒயர் கூடையில் ஒரு கோழி. பக்கத்தில் ஒரு அம்மா மடியில் பக் நாய். போகிறவர் வருகிறவர் எல்லாரும் "ஹட்ச் நாய்" என்கிறார்கள். ஹட்ச் போய் வோடஃபோன் வந்து, அதுவும் போய் வேறு பேர் வந்துவிட்டது. இந்த நாய்க்கு மட்டும் பழைய சிம்மே ஓடுகிறது. "இதுக்கு என்னங்க?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "குண்டு. மூச்சு வாங்குது. குறைக்கச் சொல்றாங்க." பிறகு செவலையைப் பார்த்து, "உங்களுக்கு ஏத்தணும், எனக்கு இறக்கணும். மாத்திக்கலாமா?"

ஆட்டுக்காரத் தாத்தா செவலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மான் குட்டியை வீட்ல வளர்க்க விடுறாங்களா?" என்றார். கேலியா நிஜமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சலைன் ஏறியது. முன்னங்காலில் முடி வழித்த இடம் ரோஸ் நிறத்தில் தெரிகிறது. ஊசி போடும்போது கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி சலைன். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

தேய்பிறை அஷ்டமி. அத்தை கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை உருட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு மாமி தட்டோடு வந்து, "பைரவர் இருக்காரா?" என்றார். இத்தனை நாள் லிஃப்டில் செவலை இருந்தால் படியில் போகிற மாமி. இன்றைக்கு அவர் நெற்றியில் குங்குமம் வைத்து, வடையைக் கீழே வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். செவலை வடையைப் பார்க்கவே இல்லை. மாமி முகம் வாடிவிட்டது. "பைரவர் ஏத்துக்கலையே." காய்ச்சல் மாமி என்றேன். "சாமிக்கு எப்படிக் காய்ச்சல் வரும்?" என்று கேட்டுவிட்டு, அவரே, "பூரி ஜகந்நாதருக்கு வருஷா வருஷம் வருதே" என்று சமாதானமாகிப் போனார்.

அப்பா வடையைத் தின்றுவிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அத்தை இரவு எழுந்து பால்கனி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எடை 18 கிலோ. போன மாதம் 22. கட்டடத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எப்போதும் இளைத்திருக்கிறான் என்றே சொல்லி வந்தவர்களுக்கு, நிஜமாகவே இளைத்தது எப்படித் தெரியும்?

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். இஸ்திரிக்காரர் பெட்டியிலிருந்து சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து செவலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து, தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு எரிச்சல்! இன்று அதைக் கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

இவரிடம் சொன்னேன். "அவருக்கு என்ன வேலையோ, விடு" என்றார். நாளையிலிருந்து பின் கேட் வழியாகப் போகலாம் என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பின் கேட். அங்கே குப்பை வண்டிக்காரர். "கடிக்குமா?"

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிளேட்லெட் 58 ஆயிரம்! ஏறுகிறது!

நீதிமன்றமும் இறங்கி வந்துவிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாமாம், வெறிநோயும் மூர்க்கமும் இருப்பதைத் தவிர. லிஃப்டில் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நான் வழக்கு நடத்தி ஜெயித்த மாதிரி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா எங்கிருந்தோ கம்பு மாவு வாங்கி வந்து கூழ் காய்ச்சி, மோர் விட்டு, கையால் கரைத்து வைத்தார். அரைச் சட்டி போயிற்று. அடுப்படியில் நின்று அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பண்ணின தயிர் சாதத்தை அது தொடவே இல்ல" என்றார். கோபம்தான். அப்பா, "அது எங்கூர்ப் பிள்ளை சம்பந்தியம்மா" என்றார். அத்தை உடனே, "பேரன் எனக்குந்தான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட. அப்பா சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாத்திரையைக் கூழில் கரைத்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மாமி திரும்பவும் வந்தார். இந்தத் தடவை கொழுக்கட்டை. பூரணத்தை நக்கிவிட்டு மாவை விட்டுவிட்டான். "பைரவருக்கு இனிப்பு இஷ்டம்" என்று மாமி கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் நாலு வீட்டிலிருந்து கொழுக்கட்டை. அத்தை வாசலில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புகிறார்: "வேண்டாம், சுகர்."

ஆகஸ்ட் 29, வெள்ளி

திங்கட்கிழமை மறுபடி ரத்தப் பரிசோதனை. அப்பா ஞாயிறு ராத்திரி பொதிகை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தார், ரிசல்ட் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கேன்சல் செய்யச் சொல்கிறார். எவ்வளவு பிடித்தம் போகும் என்று கேட்டார். சொன்னேன். "நாய்க்கு ஆன செலவுல எழுதிரு" என்றார். ஐஆர்சிடிசி கடவுச்சொல்லை மறந்து தொலைத்திருக்கிறேன், இவர் வந்ததும்