படபடப்பும் ஒரு குறிப்பேடும் – காரைக்குடி

மே 5
அக்னி நட்சத்திரம் பிறந்த மறுநாளே படபடப்பு வந்துவிட்டது. வைகாசிக் கல்யாணச் சீருக்குப் பின்கட்டு அடுப்படியில் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தேன்: விரைவாக இரண்டு அடி, ஓர் இடைவெளி, மெலிந்த ஓர் அடி, பிறகு நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பொருத்தமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரத்தில் விரல் வைத்து 30 நொடி பதிவு எடுத்தேன். நிமிடத்துக்கு 138. “ஆச்சி, நீங்கள் போய்ப் படுங்கள், எண்ணெய்ச் சட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று உதவிக்கு இருக்கும் பெண் கையிலிருந்த தேன்குழல் உழக்கை வாங்கிக்கொண்டாள். வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்தேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் தானாக அடங்கியது.

மே 6
உடம்பெல்லாம் அசதி. இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 300-க்கும் மேல் தாறுமாறாக மின்தூண்டல் கிளம்புகிறது. அறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகளுக்கு அதில் ஒரு பகுதிதான் போய்ச் சேரும், அதுவும் ஒழுங்கில்லாமல். மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எனக்குப் பயமெல்லாம் அதில்தான்.

எதனால் வருகிறது என்று பார்க்கக் குறிப்பேட்டில் கட்டம் போட்டிருக்கிறேன்: தூக்கம், தண்ணீர், காபி, இரவுச் சாப்பாடு, அடுப்படி நேரம், மனக்கவலை.

மே 10
பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் காபியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என் கட்டங்களில் அப்படித் தெரியவில்லை. காபி குடித்தும் அமைதியாகப் போன நாட்களே அதிகம். மகன் தொலைபேசியில் ஓர் ஆய்வைப் படித்துச் சொன்னான். 2025-இல் வெளிவந்த டீகாஃப் ஆய்வு அது. மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்க வேண்டிய நிலையில் இருந்த 200 பேரைக் காபி குடிப்பவர்கள், விட்டுவிடுபவர்கள் என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும், விட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கும் மறுபடி வந்திருக்கிறது. இதை வைத்துக் காபியை மருந்து என்று சொல்ல மாட்டேன். காலையில் ஒரு டம்ளர் டிகிரி காபி தொடரும், அவ்வளவுதான். மது பலருக்கும் தூண்டுதலாவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. இந்த வீட்டில் அதற்கு வேலையில்லை.

மே 14
கட்டங்களைக் குறுக்கே படித்தால் ஒன்று புலப்படுகிறது. தூக்கம் கெட்ட இரவு மட்டும் தனியாக என்னை எதுவும் செய்வதில்லை. மறுநாள் அடுப்பு முன் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்க மறந்து, இரவு பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால்தான் ஆபத்து. சீர் வேலை நடக்கும் வாரங்களில் இவை எல்லாம் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

மே 19
நன்றாகத் தூங்கினேன். இளநீர் குடித்தேன். வெயிலில் இறங்கவில்லை. திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. எந்தக் கட்டத்திலும் விடை இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா, “நேற்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டபோது மனது நொந்துபோனது. காரணம் தேடுவது நல்லதுதான். ஆனால் வருகிற ஒவ்வொரு முறையும் நோயாளி ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. வயதும் பல வருட ரத்த அழுத்தமும் மேலறைத் தசையை மாற்றிவிட்ட பிறகு, தூண்டுதல் எதுவும் இல்லாமலும் வரும்.

மே 22
மதுரையில் டாக்டர் குறிப்பேட்டைப் பொறுமையாகப் புரட்டினார். தைராய்டும் பொட்டாசியமும் சரியாக இருக்கின்றன. “குறட்டை உண்டா?” என்று கேட்டார். நான் இல்லை என்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “உண்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வரும்” என்றார். கட்டம் போடாத இடம் அது! தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது இந்தப் படபடப்பை வளர்க்குமாம். அடுத்த வாரம் இரவு முழுக்கப் பரிசோதனை.

தூண்டுதலைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். என் வயதுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பக்கவாத அபாயம் இருக்கத்தான் செய்யும், படபடப்பு வந்தாலும் வராவிட்டாலும் காலை ஒன்று, இரவு ஒன்று.

தேன்குழல் வேலையை விடியற்காலைக்கு மாற்றியாயிற்று. குறிப்பேட்டில் குறட்டைக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதை நிரப்பும் பொறுப்பு இவருடையது.